ஹெலன் குளித்த தண்ணீர்

போன வாரக் கதையில் ஹெலனை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். "பாவம், ஏத்தி விட்டுட்டாவது முடிச்சிருக்கலாம்" என்று என் வீட்டிலேயே திட்டு விழுந்தது. சரி, ஏற்றியும் விட்டாச்சு, இறக்கியும் விட்டாச்சு. இப்போது அவள் ஜப்பானில், ஒரு சின்னத் துறைமுக ஊரில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெலன் பிறந்தது கடப்பாக்கம். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். படித்து கிராம சுகாதார நர்ஸ் ஆனாள், போன வருஷம் ரிட்டயர்டும் ஆகிவிட்டாள். புருஷன் ஞானதாஸ் கல்பாக்கம் டவுன்ஷிப் பஸ் ஓட்டியவர். புதுப்பட்டினத்தில் சொந்த வீடு. ஒரே மகன் ஆல்வின், ஜப்பானில் இன்ஜினீயர்.

ஆல்வின் முதலில் ஆசைப்பட்டது படூர் அபார்ட்மெண்ட் பெண் சங்கரியை. பெண் கேட்டுப் போன அன்று சங்கரியின் அம்மா ஜெகதாம்பாள், "கடப்பாக்கத்துல ஊரா, காலனியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "காலனி" என்றாள் ஹெலன். காபி வந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு சில்வர் டம்ளர். ஹெலனுக்கும் ஞானதாஸுக்கும் பேப்பர் கப்.

அந்தக் கல்யாணப் பேச்சு அந்தக் கப்போடு முடிந்தது.

இப்போது ஆல்வின் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பது ஹருகா என்ற ஜப்பான் பெண்ணை. ஞானதாஸ் விமான நிலையத்தில் மனைவியிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"நீ போயி கப்ப மட்டும் பாரு ஹெலனு. வேற எதையும் பாக்க வேணாம். அங்கயும் அதே கதைன்னா பையனையும் இட்டுகினு வந்துடு."

ஆக, ஹெலன் ஜப்பான் போனது ஊர் பார்க்க இல்லை. கப் பார்க்க.

ஆனால் ஊர் சும்மா விடவில்லை. ஆல்வின் வந்து அழைத்துப்போன ரயிலில் அத்தனை பேர் இருந்தும் ஒருத்தர் சத்தம் போட்டுப் பேசவில்லை. டிக்கெட் பார்க்க வந்தவர் பெட்டியை விட்டு வெளியே போகும்போது திரும்பி நின்று, உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

"யாருக்குடா கும்புடு போடறாரு?"

"நமக்குத்தாம்மா. பாசஞ்சருங்களுக்கு."

"யாரும் அவர பாக்கவே இல்லியேடா."

"பாக்கலன்னாலும் போடுவாரு."

ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய ஞானதாஸ் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் அந்த மனுஷன் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஹருகாவின் வீடு கடலைப் பார்த்த வீடு. அப்பா தேத்சுவோ சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். கை இரண்டும் நம் புதுப்பட்டினம் மீனவர்கள் கை மாதிரியே காய்த்துப் போயிருந்தன. அம்மா கசுயோ, வாசலிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்து, தரையில் கை வைத்துத் தலை தாழ்த்தினாள். ஹெலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்காக இப்படி ஒருத்தர் குனிவது அவள் பார்த்ததே இல்லை.

மாமல்லபுரத்தில் வாங்கிய கல் யானையை ஹெலன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாதி லக்கேஜை அதுவேதான் தின்றிருந்தது. தேத்சுவோ இரண்டு கையாலும் வாங்கினார். உடனே எங்கேயும் வைக்கவில்லை. தும்பிக்கையைத் தடவினார், திருப்பிப் பார்த்தார், உளி பட்ட தடத்தை விரலால் தொட்டார். பிறகு கூடத்தில் பூ வைத்திருந்த மேடைக்குப் போய், பூவை நகர்த்திவிட்டு யானையை வைத்தார்.

"அது அவங்க வூட்லயே உசந்த எடம்மா" என்றான் ஆல்வின் மெதுவாக.

இதுவரை எல்லாம் நல்லபடி. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. ஒரே பெரிய தட்டில் கொட்டிக் கொடுக்கிற பழக்கமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கிண்ணம். முள்ளங்கி ஊறுகாய்க்கு ஒன்று, கீரைக்கு ஒன்று, மட்டி போட்ட சூப்புக்கு மூடி போட்ட ஒன்று. உப்பு தடவிச் சுட்ட மீன், தலை இடது பக்கம் பார்க்க நீட்டி வைத்தது. நடுவில் ஒரு பச்சை இலை மேல், கண்ணாடி மாதிரி மெல்லிசாக நறுக்கிய பச்சை மீன்.

எல்லாரும் கை கூப்பி ஏதோ சொன்னார்கள். ஜெபம் என்று நினைத்து ஹெலனும் கண்ணை மூடினாள்.

"ஜெபம் இல்லம்மா. இந்த மீனோட உயிர வாங்கிக்கறோம், சமைச்சவங்களுக்கும் நன்றின்னு அர்த்தம்."

சாப்பாடு கொடுத்த ஆண்டவருக்குத் தினமும் நன்றி சொல்கிறவள் ஹெலன். மீனுக்குச் சொன்னதே இல்லை. இது நல்லா கீதே என்று தோன்றியது.

பச்சை மீனை வாயில் வைத்தாள். வாடையே இல்லை. வெண்ணெய் மாதிரிக் கரைந்தது.

"இது இன்னிக்கு காலையில கரைக்கு வந்த மீனு" என்றாள். "நேத்து மீனா இருந்தா நாக்குல வெச்சதுமே சொல்லிடுவேன்."

ஆல்வின் அதைச் சொன்னதும் தேத்சுவோ தொடையில் தட்டிச் சிரித்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்போதுதான் ஹெலனின் கண் அவர்கள் எடுத்துச் சாப்பிடுகிற குச்சிகள் மேல் போனது.

தேத்சுவோ கையில் கறுப்புக் குச்சி. கசுயோவிடம் சிவப்பு. ஹருகாவிடம் பூப்போட்டது. ஆல்வின் கையில்கூட பளபளவென்று நீலக் குச்சி. ஹெலனுக்கு மட்டும் காகித உறையில் போட்ட, வண்ணமே பூசாத மரக் குச்சி. ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப்போடுகிற குச்சி. பக்கத்தில் ஒரு ஸ்பூன்.

டீக் கோப்பையையும் பார்த்தாள். நாலு பேருக்கும் நாலு விதமான, புழங்கிப் பழகிய கோப்பை. அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நமக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் பேப்பர் கப்பில் காபி குடித்த நாக்குக்கு அது ஒன்றுதான் தெரியும். பையனைச் சேர்த்துக்கொண்டார்கள், என்னைச் சேர்க்கவில்லை என்று ஹெலன் முடிவு கட்டிவிட்டாள். சாப்பாடு அதன் பிறகு மண்ணாகப் போயிற்று. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ரோஷத்தில் சாப்பிட்டாள்.

"புடிச்சுதாம்மா?" என்றான் ஆல்வின்.

"புடிச்சுது."

"மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"பிரயாண அலுப்புடா."

சாயங்காலம் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். மீன் ஏலம் போடுகிற கொட்டகைத் தரையில் பாய் போட்டுப் படுக்கலாம், அவ்வளவு சுத்தம். ஹெலன் பாராட்டத்தான் செய்தாள். ஆனால் மனசுக்குள் அந்தக் காகித உறை குத்திக்கொண்டே இருந்தது. போனில் ஞானதாஸின் மிஸ்டு கால் வரிசையாகக் கிடந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் திருப்பிக் கூப்பிடவில்லை.

வீடு திரும்பியதும் கசுயோ புதுத் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். குளிக்கச் சொல்கிறாள்.

"மொதல்ல நீதாம்மா போணும்" என்றான் ஆல்வின். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, அம்மாவுக்கே குளிக்கச் சொல்லித்தர வேண்டிய கூச்சத்தில் சுவரைப் பார்த்துப் பேசினான். "அந்த முக்காலியில உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சிடு. சோப்பெல்லாம் போனப்புறம் தொட்டியில எறங்கி உக்காரு. சுடு தண்ணி. அவ்ளோதான்."

"குளிச்சப்புறம் இன்னொரு வாட்டி தண்ணியில உக்காரணுமா? எதுக்கு?"

"சும்மா. சொகத்துக்கு."

சுகம்தான். கழுத்து வரைக்கும் தண்ணீர். தண்ணீர் சூடாக்குகிற, சுவரில் இருந்த ஒரு பெட்டி பெண் குரலில் பதமாக ஏதோ சொன்னது. சேறும் வரப்புமாக வீடு வீடாக நடந்த கால் இரண்டும் முதல் தடவையாக வலிக்காமல் மிதந்தன. கடப்பாக்கம் பக்கம் சில வீடுகள் ஹெலனின் நினைவுக்கு வந்தன. குழந்தைக்கு அவள் கையால் ஊசி போட்டுக்கொள்வார்கள். தண்ணீர் கேட்டால் சொம்பைக் கையில் தரமாட்டார்கள். வாசலில் நிற்க வைத்து, கை குவிக்கச் சொல்லி, மேலிருந்து ஊற்றுவார்கள்.

எழுந்தாள். தான் உட்கார்ந்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். இவங்க வந்து முகம் சுளிச்சிகினே கொட்டறதுக்கு முன்னாடி நாமளே கொட்டிடலாம் என்று நினைத்தாள். அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் மொத்தமும் போனது. சோப்புப் போட்டுத் தொட்டியைத் தேய்த்தாள், ஒரு முடி இல்லாமல் துடைத்தாள், பளிச்சென்று வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே தேத்சுவோ தோளில் துண்டோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கசுயோ.

தேத்சுவோ உள்ளே போனார். உடனே வெளியே வந்தார். மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொன்னார். கசுயோவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, ஹெலன் முன்னால் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். ஏதோ மன்னிப்புக் கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. ஹருகா கண் கலங்கி நின்றாள்.

"இன்னாடா ஆச்சு?"

ஆல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். "தண்ணிய ஏம்மா தொறந்து வுட்ட?"

"பின்ன? நான் குளிச்ச தண்ணிடா."

"அதுலதாம்மா இவரு குளிக்கணும். அப்புறம் ஹருகா, நானு, கடைசியா அவங்க அம்மா. வூடு மொத்தத்துக்கும் அந்த ஒரு தண்ணிதான். வந்த விருந்தாளிக்குத்தான் மொத மரியாதை. எல்லாரும் தொட்டிக்கு வெளியவே சுத்தமா குளிச்சிட்டு எறங்கறதால யாரும் தண்ணிய மாத்த மாட்டாங்க. நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

ஹெலனுக்குக் காதில் விழுந்தது, தலையில் ஏறவில்லை.

"நான் குளிச்ச தண்ணியிலயா?"

"ஆமாம்மா."

"அந்த மனுஷனா?"

"ஆமா. இப்ப அவங்க இன்னா நெனக்கிறாங்க தெரியுமா? எங்க தண்ணி அழுக்குன்னு உனக்குத் தோணியிருக்கு, அதான் கொட்டிட்டு தொட்டியயே கழுவி வெச்சிட்டன்னு. எங்க வூடு உனக்குப் புடிக்கலன்னு சொல்லிட்டியோன்னு பயந்துட்டாங்க. மன்னிப்பு கேக்கறாங்க."

விபரீதத்தைப் பாருங்கள். இவள் அவர்களுக்குத் தான் ஆகாதவள் என்று நினைத்தாள். அவர்கள் இவளுக்குத் தாங்கள் ஆகாது என்று நினைக்கிறார்கள். நடுவில் ஒரு காலித் தொட்டி.

"அப்ப அந்தக் குச்சி?" ஹெலன் விடவில்லை. "எனக்கு மட்டும் தூக்கிப்போடற குச்சி ஏன் குடுத்தாங்க?"

"யாரு குச்சியும் கோப்பையும் வேற யாரும் தொட மாட்டாங்கம்மா, புருஷன் குச்சிய பொண்டாட்டி தொட மாட்டா. வர்றவங்களுக்கு யாரு வாயும் படாத புதுசுதான் குடுக்கணும். என்னுது ஹருகா அம்மா எனக்குன்னு வாங்கி வெச்சது." அவன் நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "மத்தியானத்துலேர்ந்து இதையா மனசுல வெச்சிகினு இருந்த?"

கசுயோ இன்னும் குனிந்த தலையோடு நின்றாள். அதை ஹெலனால் பார்க்க முடியவில்லை.

"சொல்லுடா இவங்க கிட்ட. நான் ஏன் கொட்டினேன்னு சொல்லு. ஊசி போட்ட வூட்ல எனக்கு எப்படித் தண்ணி ஊத்துனாங்க, படூர்ல எந்தக் கப்புல காபி குடுத்தாங்க, எல்லாத்தயும் சொல்லு."

"அம்மா." ஆல்வின் குரல் இறங்கியது. "அத நான் இங்க யாருக்கும் சொன்னதே இல்ல. ஹருகாவுக்கும் சொல்லல."

"ஏன்?"

"இங்கயாவது அது என் பின்னாடி வராம இருக்கட்டும்னுதான்."

பெற்ற மனசு அங்கேயே உடைந்தது. ஆனாலும் ஹெலன் மசியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு மூஞ்சி மாறறதுக்கு, இப்பவே மாறட்டும் என்று நினைத்தாள்.

"சொல்லு. மாறுதா இல்லியான்னு நான் பாக்கணும்."

ஆல்வின் சொன்னான். திக்கித் திக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஹெலன் மகனைப் பார்க்கவில்லை, கேட்கிறவர்களின் முகத்தையே பார்த்தாள்.

ஹருகா ஆல்வின் பக்கத்தில் வந்து நின்றாள். கசுயோ ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"குழந்தைங்களுக்கு ஊசி போடறப்ப கையால தொட்டுத்தான போட்டீங்கன்னு கேக்கறாங்க" என்றான் ஆல்வின்.

"ஆமா. தொடாம எப்டி போடறது?"

ஊசிக்குத் தொடவிட்ட கையில் சொம்பைத் தராதது கசுயோவுக்கு விளங்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. ஜப்பானில் எல்லாரும் யோக்கியம், மனுஷனை மனுஷன் தள்ளி வைத்த கதையே அங்கே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் உண்டு, அதையும் ஆல்வின் மூலம் கசுயோவே சொன்னாள். "எங்க ஊர்லயும் அப்படிப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. இந்த வீட்டுக்குள்ள அது வேண்டாம்" என்றாள்.

தேத்சுவோ குளியலறைக்குள் போனார். சுவர்ப் பெட்டியில் பொத்தானை அழுத்தினார். தொட்டியில் சுடு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, நடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் நிரம்பும் வரைக்கும் அவர் எழவில்லை, மற்றவர்களும் அவரோடு உட்கார்ந்தார்கள். நிரம்பியதும் ஹெலனைப் பார்த்து, கையைக் குளியலறைப் பக்கம் நீட்டினார்.

"திரும்பவும் நீதான் மொதல்ல எறங்கணுமாம்மா" என்றான் ஆல்வின்.

"இப்பத்தானடா குளிச்சேன்."

"நீ எறங்கலன்னா அவரு எறங்க மாட்டாராம்."

ஹெலன் இரண்டாம் தடவை போனாள். தொட்டியில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வரும்போது அடைப்பைத் தொடவில்லை.

அடுத்து தேத்சுவோ போனார். கதவைச் சாத்தினார். தண்ணீரில் ஆள் இறங்கும் சத்தம், அப்புறம் ஒரு நீளமான பெருமூச்சு. பிறகு பாட்டு. சுருதி சேரவே இல்லை. அதைவிட நல்ல பாட்டு ஹெலன் கேட்டதில்லை.

அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஞானதாஸுக்குப் போன் போட்டாள்.

"காலையிலேர்ந்து போன் அடிச்சிகினு கீறேன் ஹெலனு. எடுக்கவே மாட்டேங்கிற."

"நான் சொல்றத மொதல்ல கேளுங்க." சொன்னாள். குச்சியிலிருந்து தொட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். "இப்ப உள்ள கீறாரு. நான் குளிச்ச தண்ணியிலதான் கீறாரு. பாட்டு கேக்குதா?" போனைக் கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

புதுப்பட்டினத்தில் ஞானதாஸ் மூக்கை உறிஞ்சினார்.

"சரி. பையன் கல்யாணம் அங்கதான்" என்றார். "இப்ப நான் சொல்றேன், பேஜார் ஆவாத. படூர் சங்கரி வந்துகீது. அவங்க அம்மாவும். நம்ம ஹால்ல உக்காந்துகினுகீறாங்க."

"இன்னாவாம்?"

"எதுக்கு வந்தாங்கன்னு எங்கிட்ட சொல்லல. உங்கிட்டதான் பேசணுமாம். நீ இல்லன்னு சொல்லியும் எழுந்து போவல. அந்தம்மா மூஞ்சியே சரியில்ல, அழுதிருக்கும் போல. வெயில்ல வந்துச்சா, தண்ணி கேட்டுச்சு." ஞானதாஸ் குரலைத் தாழ்த்தினார். "நான் எதிர்க் கடைக்குப் போயி பேப்பர் கப்பு வாங்கியாந்துட்டேன். ஒண்ணு போதும்னா, கட்டாத்தான் தருவேங்கறான். இப்ப கிச்சன்ல நின்னுகினு கீறேன். ஊத்தட்டா?"

ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊத்துங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. எத்தனை நாள் எரிச்சல் அது.

குளியலறைக் கதவு திறந்தது. தேத்சுவோ முகம் சிவந்து, ஆவி பறக்க வெளியே வந்தார். ஹெலனைப் பார்த்துத் தலை தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார்.

"தண்ணி ரொம்ப நல்லா இருந்துச்சாம்மா" என்றான் ஆல்வின். "நன்றி சொல்லிட்டுப் போறாரு."

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, அந்தக் கப்ப ஓரமா வையுங்க. ஷெல்ஃபுல என் பேரு வெட்டின டம்ளர் கீதில்ல?"

"அது நீ தெனம் குடிக்கிற டம்ளராச்சே."

"அதுலதான் குடுங்க. கையில குடுங்க."

"வாங்கலன்னா?"

"குடுத்துப் பாருங்க. போன கட் பண்ண வேணாம், அப்படியே எடுத்துகினு போங்க."

பானையில் மோந்து ஊற்றும் சத்தம் கேட்டது. ஞானதாஸ் நடக்கும் சத்தம். மின்விசிறி சத்தம். பிறகு ஜெகதாம்பாளின் குரல், ரொம்பவும் இறங்கிப்போய்.

"ஹெலன்னு போட்டிருக்கே. இது அவங்க டம்ளரா?"

"ஆமா" என்றார் ஞானதாஸ். "அவ டம்ளருதான். அவதான் குடுக்கச் சொன்னா."

ஹெலன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தம்மா குடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.